ஆறாவது கட்டம்

டிசம்பர் பத்து. நாட்காட்டிப்படி கோடை.
கிரேமவுத்தில் மழைக்கு எழுதப் படிக்கத் தெரியாது;
காலையிலிருந்து பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில்
கைநாட்டு வைத்துக்கொண்டே இருக்கிறது.

அலுவலக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான்.
இன்றைய வேலை சாவி எண்ணுவது.
பிப்ரவரியில் கொடுத்தது இருநூற்றுப் பதினாலு,
பிஸ்கட் டப்பாவில் திரும்பி விழுந்தது நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
மீதி ஆற்றோடு போயிருக்கும்,
இல்லையென்றால் யாரோ ஒருவனின் கால்சட்டைப் பையில்
துணியோடு துவைபட்டுக்கொண்டிருக்கும்.

நடைபாதையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள்
அலமாரிகளைக் காலி செய்கிறார்கள்.
மார்ச்சில் வாழைப்பழமாக இருந்த ஒன்று வெளியே வந்தது.
தொலைந்ததென்று பிப்பாவின் அம்மா
பணம் கட்டிவிட்டுப் போன அறிவியல் புத்தகம்
பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் வந்தது.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் சாவிகளைப் பார்த்தேன்.

சுவருக்கு அப்பால் திருமதி ஓல்ட்ஃபீல்டின் குரல்:
"அடுத்த வருடத்திலிருந்து எல்லாமே கணக்கில் சேரும்."
"அப்போ இதுவரை?" என்றது ஒரு குரல், உடைந்தும் உடையாமலும்.
வகுப்பே சிரித்தது.
அவர் பதில் சொன்னாரா தெரியாது,
அதற்குள் மணி அடித்துவிட்டது.

தேர்வு முடித்தவர்களுக்கு இன்னொரு தேர்வு:
ஒரு மஞ்சள் தாள், ஆறு கட்டங்கள்.
இரண்டைப் பள்ளியே நிரப்பித் தந்திருக்கிறது.
நாலு அவர்களுடையது.
பதினாலு வயதில்
நான் எந்த ஐஸ்கிரீம் என்று சொல்லவே
வரிசையைக் காக்க வைத்தவள்.

எல்லாத் தாளும் வந்தாயிற்று, விரேமுவுடையதைத் தவிர.
அவன் அப்பாவுக்கு மூன்று முறை அழைத்தேன்.
பால் லாரியோடு மலைக்கணவாயில் இருப்பார்,
அங்கே சிக்னலும் இல்லை, திரும்ப இடமும் இல்லை.

மதியம் தலைமையாசிரியர் ஏப்ரன் கட்டிக்கொண்டு
குடைக்கடியில் சாசேஜ் வாட்டினார்.
ரொட்டி, வெங்காயம், தக்காளி சாஸ், கொஞ்சம் மழை.
இரண்டாவதுக்கு வந்தவர்களிடம் பெயர் கேட்டார்;
மூன்றாவதுக்கு வந்தவர்களிடம் கேட்கவில்லை.

மாலை பரிசளிப்பு விழா.
கோப்பைகள் போன வருடம் போன வீட்டுக்கே
பெரும்பாலும் போயின.
கடைசியாக, பள்ளியை விட்டுப் போகும் பெரியவர்களுக்காக
சின்னவர்கள் எழுந்து ஹக்கா ஆடினார்கள்.
முன்வரிசையில் விரேமு,
முழங்கால் வரை ஏறிய சேறு காயாமல்.
தொடையில் அறைந்த அறையில் தரை அதிர்ந்து
என் நாற்காலிக்கடியில் பிஸ்கட் டப்பா
தானாகக் கலகலத்தது.
அழுவதற்கு எனக்கு அங்கே யாருமில்லை.
இருந்தும் மூக்கைச் சிந்தினேன்.

கூட்டம் கலைந்தபின் அவன் நாற்காலி அடுக்கினான்,
ஒரு கைக்கு ஏழு.
யாரும் சொல்லவில்லை; அதற்குக் கோப்பையும் இல்லை.
முடித்துவிட்டு, காலுறைக்குள்ளிருந்து
நாலாக மடித்த மஞ்சள் தாளை எடுத்து நீட்டினான்.
அது சூடாக இருந்தது.

ஆங்கிலம், கணக்கு: அச்சில்.
உலோக வேலை.
சமையல்.
மாவோரி மொழி, அடியில் இரண்டு கோடு.
ஆறாவது கட்டத்தில், பென்சிலில், சின்னதாக:
'பிறகு.'

"இது பாடமில்லையே" என்றேன்.
"தெரியும்" என்றான்.

அவன் போனபின் கணினியில் அப்படியே தட்டினேன்.
சிவப்பு. செல்லாத பதிவு.
பெரிய எழுத்தில் தட்டினேன். சிவப்பு.
பட்டியலைத் திறந்து காட்டியது:
புவியியல், நாடகம், கணக்கியல், இசை,
பந்தி போட்டு உட்கார வைப்பதுபோல்.
ஒன்றைச் சொடுக்கினால் வீட்டுக்குப் போய்விடலாம்.
ஏழரைக்கு நாய்க்குச் சோறு வைக்க வேண்டும்.

திரையை அணைத்தேன்.
ஜனவரி கடைசியில் வருவேன்;
அதுவரை இருட்டில் அந்தக் கட்டம்
சிவப்பாகவே கிடக்கட்டும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
தாளை நீட்டக் குனிந்தபோது அவன் கழுத்தில்
பச்சைக் கயிற்றில் எண்பத்தேழாம் எண் சாவி ஆடியது.
வருகிற வருடம் அந்த அலமாரி
ஒன்பதாம் ஆண்டுக்கு வரும் யாரோ ஒரு பொடியனுக்கு.
நான் கேட்கவில்லை.
அவன் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

நோட்டில் எழுதி மூடினேன்:
நூற்றுத் தொண்ணூற்றெட்டு.